இருபத்து மூன்று கமிட்டிகளும் ஒரு நத்தை மேடமும்

ஆண்கள் கழிப்பறைப் பழுதுபார்ப்புக் கமிட்டி முக்கால் மணி நேரமாகக் காத்துக்கொண்டிருந்தது. உறுப்பினர்கள் மூன்று பேரும் வந்தாயிற்று. பிளம்பர் வந்தாயிற்று. குழாயும் தன் கடமை தவறாமல் ஒழுகிக்கொண்டிருந்தது. பெண் உறுப்பினர் மட்டும் வரவில்லை.

"அவங்க வராம ஒரு திருகைக்கூடத் திருப்ப முடியாது," என்றார் பதிவாளர். "மேலிடத்து உத்தரவு."

"சார், தண்ணி கணுக்கால் வரைக்கும் வந்தாச்சு," என்றார் பிளம்பர்.

"எனக்குக் கழுத்து வரைக்கும் வந்தாச்சு. பேசாம நில்லுங்க."

அந்த உத்தரவு திங்கட்கிழமை வந்தது. விஞ்ஞானத்தில் பெண்களுக்குச் சம இடம் இல்லை என்பதை மேலிடம் கண்டுபிடித்துவிட்டது. இனி ஆராய்ச்சி நிறுவனங்களில் எந்தக் கமிட்டி கூடினாலும் ஒரு பெண் விஞ்ஞானி அதில் உட்கார்ந்திருக்க வேண்டும். அவர் இல்லாமல் எடுத்த முடிவு செல்லாது. முப்பது நாளில் எல்லாக் கமிட்டியும் இப்படிக் கூடி முடிவெடுத்துக் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் நிறுவனம் டாக்டர் பட்டம் கொடுக்கிற உரிமையை இழக்கும். கடைசி வரியைப் பதிவாளர் ஒன்பது தடவை படித்தார். ஒன்பது தடவையும் அது மாறவில்லை: 'தவறினால் பதிவாளர் பதவி நீக்கம் செய்யப்படுவார்.'

நிறுவனத்தில் கமிட்டிகள் இருபத்து மூன்று. ஆண் விஞ்ஞானிகள் எழுபத்தொரு பேர். பெண் விஞ்ஞானி ஒரே ஒருவர்.

வேண்டுமென்று செய்ததல்ல. ஒவ்வொரு முறை ஆள் எடுக்கும்போதும் தகுதியை மட்டுமே பார்த்தார்கள். தகுதிதான் என்ன காரணத்தாலோ எழுபத்தொரு தடவையும் மீசையோடு வந்து நின்றது.

மேடம் வந்து சேர்ந்தார். ஓடி வந்ததில் மூச்சு வாங்கியது. இரண்டு கையிலும் குளத்துத் தண்ணீர் சொட்டியது. அவருடைய ஆராய்ச்சி நத்தைகளைப் பற்றியது. அதனால் நத்தை மேடம் என்று பெயர். நிறுவனத்திலேயே ஓடுகிற ஆள் அவர் ஒருவர்தான் என்பதை யாரும் யோசித்துப் பார்த்ததில்லை.

"எங்கே கையெழுத்து?" என்றார்.

"இங்கே. அடுத்தது நூலகத் தூசிக் கமிட்டி. அதுக்கப்புறம் உடைந்த கண்ணாடிக் குழாய்க் கமிட்டி. மத்தியானம் வாகன நிறுத்தம்."

"அப்ப என் நத்தைங்களை யார் சார் பார்க்கிறது?"

"நத்தை எங்கே மேடம் ஓடிடப் போ..." பதிவாளர் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

அது அவருடைய பழைய நகைச்சுவை. மேடம் ஒன்பது வருஷமாக நான்கு உதவியாளர்கள் கேட்டு மனுப் போட்டு வந்தார். ஒன்பது வருஷமும் பதிவாளர் அதே பதிலைச் சொல்லி, ஒவ்வொரு முறையும் புதிதாகச் சிரித்தார். மாடியில் இருந்த லேசர் புரொபசருக்குப் பதினோரு உதவியாளர்கள். அதில் ஒருவருக்கு அவருடைய மூக்குக்கண்ணாடி எங்கே இருக்கிறது என்று தேடுவது மட்டுமே வேலை. மேடத்துக்கு மாடிப்படிக்குக் கீழே ஒரு அறை. எலி வளையானாலும் தனி வளை என்பார்கள். அதற்குள் எலி போனால் மேடம் வெளியே வர வேண்டும்.

"சார், ஒரு நிமிஷம் கேளுங்க," என்றார் மேடம். "குளத்து நத்தை மூச்சு விட மேலே வந்து ஒரு துளையைத் திறக்கும். திறக்கிறப்பல்லாம் குச்சியால லேசாத் தொட்டா, 'மேலே போனா வம்பு'ன்னு கத்துக்கும். பாதி நத்தைக்கு அப்படிச் சொல்லிக் குடுத்திருக்கேன். மீதிக்குச் சொல்லிக் குடுக்கலை. இப்ப தினமும் அரை மணி நேரம் உட்கார்ந்து, எது எத்தனை தடவை திறக்குதுன்னு எண்ணணும். பத்து நாள், ஒரு நாள் விடாம."

"எண்ணுங்களேன்."

"நான் எண்ணக் கூடாது சார். எது படிச்ச நத்தை, எது படிக்காத நத்தைன்னு எனக்குத் தெரியும். எனக்குப் பிடிச்ச நத்தை தப்புப் பண்ணினா என் கண்ணு அதைப் பார்க்காது. அதுதான் பாரபட்சம். இதுக்கு ஒண்ணுமே தெரியாத ஆளுங்கதான் வேணும்."

"நத்தை விஷயத்துலகூடவா மேடம் பாரபட்சம் பார்ப்பாங்க?"

"நத்தை விஷயத்துல மட்டும்தான் சார் பார்க்கக் கூடாதுன்னு வெச்சிருக்காங்க," என்று சொல்லிவிட்டு மேடம் தூசிக் கமிட்டிக்கு ஓடினார்.

பதிவாளர் அன்று அரை மணிக்கு ஒரு கமிட்டி என்று அட்டவணை போட்டார். அட்டவணை அழகாக இருந்தது. ஆனால் அவர் ஒன்றை மறந்துவிட்டார். அந்த நிறுவனத்தில் எந்தக் கமிட்டியும் அரை மணியில் முடிந்ததாகச் சரித்திரம் இல்லை. வாகன நிறுத்தக் கமிட்டி, மரத்தடி நிழலில் யார் வண்டியை நிறுத்துவது என்று பதினேழு வருஷமாக ஆலோசித்துக்கொண்டிருந்தது. அன்றும் நாலு மணி நேரம் ஆலோசித்தது. அடுத்த கூட்டத்தில் ஆலோசிப்பது என்று ஏகமனதாக முடிவு செய்தது.

வாரக் கடைசியில் கணக்குப் பார்த்தால் முடிந்தது இரண்டே கமிட்டி. நத்தைகள் எண்ணப்படவில்லை. கழிப்பறைக் குழாய் மட்டும் சரியாகிவிட்டது.

"ஏங்க, சாப்பாட்டைப் பார்த்து முறைக்கிறீங்க?" என்றார் வீட்டில் மனைவி.

"ஒரே ஒரு அம்மா. இருபத்து மூணு கமிட்டி. நான் என்ன பண்ணுவேன்?"

"இன்னும் நாலு பொண்ணுங்களை வேலைக்கு எடுக்கிறது."

"அதுக்கு ஒரு தேர்வுக் கமிட்டி போடணும்."

"போடுங்க."

"அதுலயும் ஒரு பெண் உறுப்பினர் வேணுமே!"

மனைவி சிரிப்பை அடக்கிக்கொண்டார். "அந்த அம்மாவுக்கு வேலை ஜாஸ்தியாப் போச்சேன்னு மேலிடத்துல சொல்லுங்களேன்."

நல்ல யோசனையாகப் பட்டது. பதிவாளர் எழுதினார். மேலிடம் உடனே பதில் போட்டது: 'பெண் விஞ்ஞானியின் வேலைப்பளுவை ஆராய ஒரு கமிட்டி அமைக்கவும். விதிப்படி அதில் ஒரு பெண் விஞ்ஞானி இருத்தல் அவசியம்.'

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது. போட வேண்டிய தேர்வுக் கமிட்டியையும் சேர்த்தால், கமிட்டி இப்போது இருபத்தைந்து.

மேடம் புது உத்தரவைப் படித்தார். கோபப்படவில்லை. "என் வேலைப்பளுவை ஆராயற கூட்டம் என்னைக்கு சார்? அன்னைக்கு எனக்கு வேற மூணு கூட்டம் இருக்கே," என்று மட்டும் கேட்டார்.

பதிவாளர் இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள் மூளையில் மின்னல் அடித்தது. இருபத்தைந்து கமிட்டிகளையும் ஒரே நேரத்தில் ஒரே மண்டபத்தில் கூட்டினால் என்ன? மேடம் ஒரே இடத்தில் உட்கார்ந்தால் எல்லாக் கமிட்டியிலும் உட்கார்ந்த மாதிரிதானே?

நிறுவனத்தின் பெரிய மண்டபத்தில் இருபத்தைந்து மேசைகளை வட்டமாகப் போட்டார்கள். நட்ட நடுவில் ஒரு சுழல் நாற்காலி. அதில் மேடம்.

"எந்த மேசையில முடிவு எடுக்கிறாங்களோ, அந்தப் பக்கம் திரும்பித் தலையாட்டினாப் போதும் மேடம்," என்றார் பதிவாளர்.

முதல் பத்து நிமிஷம் ஒழுங்காகப் போயிற்று. அதன் பிறகு எல்லா மேசையிலிருந்தும் "மேடம்! மேடம்!" என்று குரல். நாற்காலி பம்பரமாகச் சுற்றியது. மேடம் வடக்கே பார்த்து ஆட்டிய தலை தெற்கே விழுந்தது. கிழக்கே மறுத்தது மேற்கே ஒப்புதலானது. சாயங்காலம் முடிவுகளைத் தட்டச்சு செய்து பார்த்தபோது, கேன்டீனுக்குக் கதிர்வீச்சைத் தடுக்கும் ஈயக் கதவு போடுவதென்றும், கதிர்வீச்சு அறையில் தினமும் டீயும் பிஸ்கட்டும் வழங்குவதென்றும், நூலகப் புத்தகங்களை வாரம் ஒருமுறை சோப்புப் போட்டு அலசுவதென்றும் தீர்மானமாகியிருந்தது.

"எல்லாத்தையும் ரத்து பண்ணணும்," என்று நாலு நாள் கழித்து வந்து நின்றார் லேசர் புரொபசர்.

"ரத்து பண்ண மறுபடி கூட்டணும் சார்," என்றார் பதிவாளர் ஈனஸ்வரத்தில்.

"ஈயக் கதவு வந்து இறங்கிடுச்சே! நாலு பேர் தள்ளினாத்தான் திறக்குது. உள்ளே டீ குடிக்கப் போன ரெண்டு பேர் இன்னும் வெளியே வரலை."

பதினெட்டு நாள் போய்விட்டது. மீதி பன்னிரண்டு. பதிவாளர் ராத்திரி தூங்கவில்லை, பகலில் சாப்பிடவில்லை. கண்ணாடியில் முகத்தைப் பார்த்தால் 'முன்னாள் பதிவாளர்' என்று நெற்றியில் எழுதியிருப்பதுபோல் இருந்தது. மாடிப்படிக்குக் கீழே போய்க் கதவைத் தட்டினார்.

மேடம் தொட்டிகளுக்கு நடுவே ஒருக்களித்து நின்றிருந்தார். இரண்டாவது ஆள் நிற்க இடம் இல்லாததால் பதிவாளர் தலையை மட்டும் உள்ளே விட்டார்.

"மேடம், நீங்களே ஒரு வழி சொல்லுங்க. வேலை போயிட்டா, மிச்ச காலத்துக்கு வீட்டுல உட்கார்ந்து எங்க வீட்டம்மாவோட யோசனைகளைக் கேட்டுக்கிட்டு இருக்கணும்."

"நான் என்ன சார் சொல்றது? கமிட்டிக்கு நான் வந்தா நத்தையை விடணும். நத்தையோட இருந்தா கமிட்டியை விடணும். ரெண்டும் ஒரே இடத்துல இருந்தாப் பரவாயில்லை. அது நடக்கிற காரியமா?"

பதிவாளரின் தலை கதவிடுக்கில் அப்படியே நின்றது. கண்கள் மெல்ல விரிந்தன.

"ஏன் நடக்காது?" என்றார். "கமிட்டியை நத்தைகிட்டக் கொண்டாந்துட்டா?"

"ஐயையோ! அவ்வளவு பெரிய மனுஷங்க... இந்தப் பொந்துக்கா?"

"பொந்து எதுக்கு? பெரிய மண்டபத்துக்கே நத்தையை மாத்திடறேன்!"

"அவங்களுக்கெல்லாம் சிரமமா இருக்குமே சார்."

"நீங்க சும்மா இருங்க மேடம். உங்களுக்கு இந்த மாதிரி விஷயமெல்லாம் புரியாது," என்றார் பதிவாளர் பெருந்தன்மையோடு.

மறுநாள் காலையில் தொட்டிகள் மண்டபத்துக்கு ஏறின. நத்தைகள் மொத்தம் இருநூற்று எண்பத்து நான்கு. விஞ்ஞானிகள் எழுபத்தொன்று. ஆளுக்கு நான்கு என்று மிச்சமில்லாமல் வகுபட்டது. "என்ன பொருத்தம் பாருங்க!" என்று பதிவாளர் வியந்தார்.

மேடம் ஒரே ஒரு வேண்டுகோள் வைத்தார். "சத்தம் போட்டா நத்தை உள்ளே சுருங்கிடும். அதனால யாரும் பேசக் கூடாது. முடிவு எடுக்கணும்னா கையைத் தூக்கினாப் போதும். சும்மா உட்கார்ந்தா உங்களுக்குத் தூக்கம் வரும், அதனால இந்தத் தாளைப் பிடிங்க. நத்தை துளையைத் திறந்தா ஒரு கோடு போடுங்க."

"எதுக்கு?" என்றார் லேசர் புரொபசர்.

"அதைத் தெரிஞ்சுக்கக் கூடாது சார்."

"இது எந்த வகை நத்தை?"

"அதையும் தெரிஞ்சுக்கக் கூடாது சார். உங்களுக்கு ஒண்ணுமே தெரியாம இருந்தாத்தான் நல்லது."

வாழ்க்கையில் முதல் தடவையாக அப்படி ஒரு தகுதியைக் கேட்ட லேசர் புரொபசர் தாளை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார்.

அரை மணி நேரம் மண்டபத்தில் தொட்டித் தண்ணீர் அசைகிற சத்தம் மட்டும் கேட்டது. அதன் பிறகு நடந்ததைத்தான் யாரும் எதிர்பார்க்கவில்லை. வாகன நிறுத்தக் கமிட்டித் தலைவர் ஒரு தாளில் 'மரத்தடி இடம் முதலில் வருகிறவருக்கு' என்று எழுதித் தூக்கிக் காட்டினார். மறுத்துப் பேச வழியில்லை. தவிரவும் எல்லோர் கண்ணும் நத்தையின் மேல் இருந்தது. கைகள் உயர்ந்தன. பதினேழு வருஷப் பிரச்சினை நாலு விநாடியில் தீர்ந்தது. மேடம் கையெழுத்துப் போட்டார்.

பத்து நாளில் தேர்வுக் கமிட்டி தவிர மற்ற இருபத்து நான்கு கமிட்டிகளும் தீர்ந்தன. ஈயக் கதவு கதிர்வீச்சு அறைக்கும், டீயும் பிஸ்கட்டும் கேன்டீனுக்கும் போய்ச் சேர்ந்தன. முடிந்த பிறகும் ஒருவரும் எழுந்து போகவில்லை. காலை எட்டரைக்கே வந்து இடம் பிடித்தார்கள். படித்த நத்தை அதிகம் துளையைத் திறக்காது என்று பதிவாளர் வேறு வாய் தவறி உளறியிருந்தார்.

"என் மூணாம் நம்பரைப் பாருங்க, என்ன கம்பீரம்!" என்று வெளி வராந்தாவில் லேசர் புரொபசர் பெருமை அடித்தார். "பார்த்தாலே தெரியுது, அது படிச்ச நத்தை. அந்த ஓடு உடைஞ்ச நாலாம் நம்பர் இருக்கே, அது சரியான மக்கு."

"உங்க கம்பீரம் நேத்து பன்னிரண்டு தடவை துளையைத் திறந்துச்சு. நான் பார்த்தேன்," என்றார் நூலகத் தூசிக் கமிட்டித் தலைவர்.

"என் நத்தையை நீர் ஏன்யா பார்த்தீர்?"

கைகலப்பு வரும்போலிருந்தது. பதிவாளர்தான் விலக்கிவிட்டார்.

பத்தாம் நாள் சாயங்காலம் மேடம் உறையைப் பிரித்து, எது படித்த நத்தை என்று வாசித்தார். கம்பீரமான மூன்றாம் நம்பர் எழுத்து வாசனையே அறியாதது. ஓடு உடைந்த நாலாம் நம்பர், மொத்த மண்டபத்திலேயே முதல் மாணவன். லேசர் புரொபசரின் தாளும் அதைத்தான் சொன்னது. கை சரியாகக் கோடு போட்டிருந்தது. வாய்தான் வேறு மாதிரி சொல்லிக்கொண்டு திரிந்தது.

அவர் வெகு நேரம் நாலாம் நம்பரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மறுநாள் தேர்வுக் கமிட்டி நாலு விஞ்ஞானிகளை எடுக்கப் பழைய விண்ணப்பங்களைப் பிரித்தபோது, அவர்தான் முதலில் தாளை உயர்த்தினார். 'பேரையும் போட்டோவையும் மறைச்சிட்டுப் படிக்கலாமா?' என்று எழுதியிருந்தது. எல்லாக் கையும் உயர்ந்தது.

தேறிய நாலு பேரில் மூவர் பெண்கள். அந்த மூவரில் இருவர் ஏற்கெனவே மூன்று தடவை விண்ணப்பித்து, 'போதிய தகுதி இல்லை' என்று இதே ஆட்களால் திருப்பி அனுப்பப்பட்டவர்கள். நாலாவது ஆள் ஆண். ஆணாயிருந்தாலும் கெட்டிக்காரன்தான் என்று கமிட்டி ஒப்புக்கொண்டது.

முப்பதாம் நாள் மேலிடத்து அதிகாரி வந்து இறங்கினார். பதிவாளர் மண்டபக் கதவைத் திறந்தார்.

எழுபத்தொரு பேராசிரியர்கள் இரண்டாம் சுற்று எண்ணிக்கைக்காக வரிசையாக முக்காலிகளில் உட்கார்ந்து, மூச்சுக்கூடச் சத்தமாக விடாமல் தொட்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் ஒரு பெண்மணி நடந்துகொண்டிருந்தார். அவர் ஒருவரின் தாளைத் தொட்டுத் திருத்தினார். அந்த மீசை பயபக்தியோடு தலையசைத்தது.

"இவங்கல்லாம் யாரு?" என்றார் அதிகாரி கிசுகிசுப்பாக.

"இருபத்தஞ்சு கமிட்டியும் சார்."

"அந்த அம்மா?"

"பெண் உறுப்பினர் சார்."

அதிகாரி கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நான் நாற்பது நிறுவனம் பார்த்துட்டேன். எல்லா இடத்துலயும் பெண் உறுப்பினர்னு ஒருத்தரை மூலையில உட்கார வெச்சிருக்காங்க. இங்கதான் கமிட்டியையே உட்கார வெச்சிருக்கீங்க. இந்த யோசனை யாரோடது?"

பதிவாளர் நிமிர்ந்தார். "என்னோடது சார்."

முதல் தரச் சான்றிதழ் அந்த இடத்திலேயே எழுதப்பட்டது. பதிவாளர் மனம் குளிர்ந்து, மேடத்தின் ஒன்பது வருஷத்து மனுவைத் தானே தேடி எடுத்து, நாலு உதவியாளர்களுக்கும் கையெழுத்துப் போட்டார். பெரிய மண்டபம் இனி நத்தை ஆய்வுக்கூடம் என்றும் எழுதினார். மேடம் கைகூப்பி, "எல்லாம் உங்க புண்ணியம் சார்," என்றார். எழுபத்தொரு பேரும் தங்களையே உதவியாளராகப் போடும்படி மனு கொடுத்தது தனிக் கதை.

அதிகாரியை ரயிலேற்றிவிட்டு, பதிவாளர் நிறுவனத்து வண்டியில் திரும்பினார். மனசு தக்கையாக மிதந்தது. யாரிடமாவது சொல்லாவிட்டால் வெடித்துவிடும்போலிருந்தது. பக்கத்தில் டிரைவர்தான் இருந்தார்.

"பார்த்தீரா? எவனோ மேலிடத்துல உட்கார்ந்துக்கிட்டு, தலையும் புரியாம வாலும் புரியாம ஒரு உத்தரவு போட்டான். ஒரே ஒரு அம்மாவை வெச்சுக்கிட்டு நான் எப்படிச் சமாளிச்சேன் பார்த்தீரா? பாவம், அந்த அம்மாவுக்கு நத்தையைத் தவிர ஒண்ணும் தெரியாது. எல்லாத்துக்கும் நானேதான் யோசிக்க வேண்டியிருந்துச்சு. அந்த உத்தரவை எழுதின முட்டாள் யாருன்னு தெரிஞ்சா ஒரு மாலை வாங்கிப் போடணும்."

டிரைவர் கியரை மாற்றிவிட்டுச் சொன்னார்:

"என்ன சார் இப்படிக் கேட்கறீங்க, போன வருஷம் அந்த உத்தரவை எழுதற கமிட்டிக்கு ஒரு லேடி மெம்பர் வேணும்னு மேலிடத்துல கேட்டப்ப, நீங்கதானே நம்ம மேடத்தை அனுப்பி வெச்சீங்க? நான்தான் வண்டி ஓட்டினேன், திரும்பி வர்றப்ப வழி பூரா சிரிச்சுக்கிட்டே வந்தாங்க."